நசுங்காத எலுமிச்சம்பழம்

மருந்துக் கடையில் பில் போடுகிறவரிடம் வயிற்று வலிக்கு யோசனை கேட்கிற ஊர் நம் ஊர். அந்த நியாயப்படி, வாகன இன்சூரன்ஸ் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு எல்லா வண்டியும் ஓட்டத் தெரியும் என்று என் குடும்பம் முடிவு செய்திருந்தது. நானும் மறுக்கவில்லை. (மறுக்கிற அளவுக்கு யாரும் நேராகக் கேட்கவில்லை என்பது என் தரப்பு வாதம்.)

உண்மை என்னவென்றால், கடலூர் செம்மண்டலத்தில் என் வீட்டிலிருந்து மஞ்சக்குப்பத்தில் என் அலுவலகம் வரை, கியர் இல்லாத ஸ்கூட்டரில், ஓரமாகப் போய் ஓரமாக வருவேன். நாற்பத்தெட்டு வயதில் என் வீர வரலாறு அவ்வளவுதான். அதற்கு மேல் போகும் தைரியம் எனக்கு வராது. நாள் முழுக்க என் மேசைக்கு வருவதெல்லாம் நசுங்கிய வண்டிகளின் போட்டோ. அவற்றை ஓட்டியவர்களின் வயது என்ற இடத்தில் பெரும்பாலும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று என்றிருக்கும்.

சிதம்பரத்தில் இருக்கும் என் அக்கா மகள் யாழினிக்கும் அதே வயதுதான். வேலைக்குப் போய், சேர்த்து, ஒரு ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கிவிட்டாள். முன்னால் குனிந்து, பின்னால் நிமிர்ந்து, தும்முவதற்குத் தயாராக நிற்கும் காளை மாதிரி ஒன்று. அவள் அதற்கு முன் ஓட்டியதெல்லாம் அவள் அப்பாவின் பழைய வண்டி, அதுவும் லைசென்ஸ் எடுக்கிற அளவுக்கு.

அக்கா போன் செய்தாள்.

"டேய், சாவிய நான் பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். ஞாயித்துக்கெழம வண்டிக்குப் பூஜ. தாய்மாமன் நீதான் மொதல்ல எலுமிச்சம்பழத்து மேல ஏத்தணும். ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லு. புதுசா ஓட்டுறவங்களுக்கு இது ஒத்து வரும்னா சாவி அவகிட்ட. இல்லன்னா மறுநாளே வித்துடுறது."

"அவுரு இன்னா சொல்றாரு?" என்று அக்கா வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டேன்.

"அவுருக்கு இன்னா தெரியும். நீதான தெனம் வண்டியோட கெடக்குற."

அரை மணி நேரத்தில் யாழினியின் போன்.

"மாமா, நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொல்லு, போதும். பழகுற வரைக்கும் பைபாஸ் பக்கமே போக மாட்டேன். சத்தியமா."

அன்றிரவு தூங்கவில்லை. சரி என்று சொல்லி அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கூடாது என்று சொன்னால் அந்தக் குழந்தை என் முகத்தில் விழிக்குமா? அதற்கெல்லாம் முன்னால், நான் அந்த வண்டியை எப்படி ஓட்டுவது? (சத்தியமாகச் சொல்கிறேன், மூன்றாவது கவலைதான் பெரிதாக இருந்தது.)

ஞாயிறு காலை கடலூரிலிருந்து சிதம்பரம் பஸ். யூடியூபில் கிளட்ச் பற்றிப் பார்த்ததை மனதில் ஓட்டிக்கொண்டே, முன் சீட்டுக் கம்பியை இடது கையால் இறுக்குவதும் மெல்ல விடுவதுமாகப் பயிற்சி எடுத்தேன். செம்மங்குப்பம் தாண்டும்போது கெமிக்கல் கம்பெனிகளின் வாடைக்கு எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். நான் கம்பியை விடவில்லை. முன் சீட்டு அம்மா திரும்பிப் பார்த்தார்.

"ஒடம்பு சரியில்லயா சார்? வாந்தி வருதுன்னா ஜன்னல் பக்கம் வாங்க."

சிதம்பரத்தில், அக்கா வீட்டுத் தெருமுனைப் பிள்ளையார் கோயில் வாசலில் வண்டி மாலையோடு நின்றது. சந்தனம், குங்குமம், முன் சக்கரத்தடியில் ஓர் எலுமிச்சம்பழம். வண்டிக்கு எதிரே, மாட்டுக்குக் கொடுப்பதற்காக அகத்திக்கீரைக் கட்டு விற்கும் ஓர் அம்மாள். அவரருகே, விற்பதற்கு முன்பே சாப்பிட்டுவிடலாமா என்று யோசித்தபடி ஒரு பசு.

நான் ஏறி உட்கார்ந்தேன். கால் விரல் நுனி மட்டும் தரையைத் தொட்டது. யாழினி காதருகே வந்து மெதுவாகச் சொன்னாள்.

"மாமா, ஸ்கூட்டர் மாதிரி இல்ல. லெஃப்ட்ல இருக்கறது பிரேக் இல்ல, கிளட்ச்."

"எனக்கேவா?" என்றேன். (அந்த 'எனக்கேவா'வை இன்றுவரை என்னால் திரும்ப வாங்க முடியவில்லை.)

குருக்கள் கற்பூரம் காட்டினார். "மெதுவா ஏத்துங்கோ" என்றார். யூடியூபில் பார்த்தபடி ஸ்டார்ட் செய்து, கிளட்சை இறுக்கிக் கியர் போட்டேன். பிள்ளையாரை நினைத்துக்கொண்டே ஆக்ஸிலேட்டரை முறுக்கி, இடது கையைச் சட்டென்று விட்டேன்.

வண்டி துள்ளியது. மாலை என் முகத்தில் விழுந்தது. சாமந்திக்கு நடுவே பசுவின் முகம் தெரிந்ததும், ஸ்கூட்டரில் பழகிய என் இடது கை தன் கடமையைச் செய்தது. பிரேக் என்று நினைத்துக் கிளட்சை முழு பலத்தோடு இறுக்கினேன். இடது கை இறுகினால் வலது கை சும்மா இருக்குமா? அதுவும் தன் பங்குக்கு இறுகி முறுக்கியது. எஞ்சின் சிங்கமாகக் கர்ஜித்தது. ஆனால் சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் இப்போது உறவு இல்லை. ஆக, தெருவே காதைப் பொத்துகிற சத்தத்தோடு, தேர் நகர்கிற வேகத்தில், இரண்டு கால் விரல்களையும் தரையில் தேய்த்துக்கொண்டு, நான் கீரைக் கட்டுகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். வாய் "வழி, வழி" என்று கத்தியது. வழியில் பசுவைத் தவிர யாருமில்லை. பசுவும் நகரவில்லை.

கீரைக் குவியலில் சக்கரம் முட்டி நின்றது. பிறகு வண்டியும் நானும், அவசரமே இல்லாமல், பக்கவாட்டில் கீரை மேல் சாய்ந்தோம். படுத்த பிறகும் எஞ்சின் கத்திக்கொண்டே இருந்தது, ஏனென்றால் நான் இன்னும் முறுக்கிக்கொண்டிருந்தேன். ஓடி வந்த யாழினி ஹேண்டிலில் இருந்த சிவப்பு ஸ்விட்சை ஒரு தட்டுத் தட்டினாள். தெரு அமைதியானது. கீரைக்கார அம்மாள் குனிந்து என்னைப் பார்த்தார்.

"ஏன் சாமி, இம்மாஞ் சத்தம் போட்டுக்கினு இவ்ளோ மெதுவா வர்ற?"

அக்கா என்னைத் தூக்க வரவில்லை. தரையில் எதையோ தேடினாள். முன் சக்கரத்துப் பழம் தெறித்து ஓடிக் கோயில் படியருகே கிடந்தது. கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"பழம் நசுங்கலடா. திருஷ்டி கழியல. சகுனமே சரியில்ல." பிறகு என்னைப் பார்த்தாள். "நீ சொல்லு. புதுசா ஓட்டுறவங்களுக்கு இந்த வண்டி ஒத்து வருமா?"

கீரை மேல் படுத்தபடியே, "ஒத்து வராதுக்கா" என்றேன்.

யாழினி குனிந்து வண்டியின் மேல் ஒட்டியிருந்த அகத்தி இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும், என் வாழ்க்கையில் முதல் முறையாக, தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தோன்றியது.

"அக்கா, எனக்கு ஒத்து வராது. எனக்கு ஸ்கூட்டருக்கு மேல எதுவும் ஓட்டத் தெரியாது."

"பின்ன ஏண்டா ஏறுன?"

"நீ தாய்மாமன்னு சொன்னியே."

"அப்ப அவளும் புதுசுதானடா?"

"புதுசுதான். ஆனா தான் புதுசுன்னு அவளுக்குத் தெரியுது. பைபாஸ் போக மாட்டேங்குறா, எது பிரேக்குன்னு சொல்றா, எத அமுக்குனா நிக்கும்னு கத்து வச்சிருக்கா. நான்தான் புதுசுன்னே தெரியாத புதுசு. அந்தமாரி ஆளுங்க போட்டோதான் எங்க ஆபீசுக்கு வருது."

அக்கா குருக்களைப் பார்த்தாள். "தாய்மாமன் கையால சாவியத் தட்டுல வச்சுக் குடுத்தாலும் சரிதான்" என்றார் அவர், என்னை மறுபடி ஏறச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில். வண்டியை நிமிர்த்திக் கோயில் வாசலுக்கே தள்ளி வந்தோம். சாவியைக் கழற்றித் தட்டில் வைத்து, கீரை ஒட்டிய கையால் யாழினியிடம் நீட்டினேன். அக்கா அதே பழத்தைச் சக்கரத்தடியில் வைத்தாள். குருக்கள் மறுபடி கற்பூரம் ஏற்றினார். யாழினி ஹெல்மெட் போட்டாள். இடது கையை எறும்பு ஊர்கிற மாதிரி விட்டாள். வண்டி ஒரு வார்த்தை பேசாமல் நகர்ந்தது. 'பிசுக்' என்ற அந்தச் சின்னச் சத்தம் கேட்டு அக்கா விட்ட பெருமூச்சில் கற்பூரம் அணைந்தது.

நசுங்கிய கீரை முழுவதையும் நானே விலைக்கு வாங்கி, அந்தப் பசுவுக்கு ஊட்டிவிட்டுத்தான் கடலூர் பஸ் ஏறினேன். பசுவுக்கு மட்டும் என் மேல் இன்றும் நல்ல அபிப்பிராயம்.

யாழினி சொன்னபடி பழகி முடித்த பிறகுதான் பைபாஸ் ஏறினாள். இப்போது கடலூர் வந்தால் என்னையும் பின்னால் ஏற்றிக்கொள்வாள். உற்சவர் மாதிரி உயரத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு போவேன். அக்கா வீட்டில் எலுமிச்சம்பழச் சாதம் செய்தால், "பழத்த யாரு நசுக்குறது, தம்பியக் கூப்புடு" என்கிறார்கள். என் மனைவி இன்னும் ஒரு படி மேலே போய்விட்டாள். ஆயுத பூஜை அன்று என் ஸ்கூட்டருக்கும் பழம் வைக்கிறாள். நான் ஏற்றி முடித்ததும், குனிந்து, எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் என்னைத் தெருமுனை தாண்ட விடுகிறாள்.