என் தபால் பெட்டியில் குடியிருப்போர் பற்றி

ஹீயுமா தீவு,
ஜூன் மாதம், மழை.

அன்புமிக்க மாப்பிள்ளை ரைனர் அவர்களுக்கு மாமனார் ஹெய்னோ எழுதிக்கொள்வது. இங்கு நானும் இரண்டு ஆடுகளும் என் முழங்கால் வலியும் சௌக்கியம். தலைநகர் தாலினில் நீங்களும் மகள் காத்ரியும் குழந்தைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் காத்ரி பக்கத்தில் இருப்பாள் என்பதால் உங்கள் அமைச்சக அலுவலக விலாசத்துக்கு எழுதுகிறேன்.

ஈஸ்டர் சாப்பாட்டின்போது, "போனுக்கும் இணையத்துக்கும் இருக்கிற சட்டத்தோட தபால் சட்டத்தையும் ஒத்துப்போக வச்சாச்சு மாமா, முழுக்க நான் எழுதினது" என்று சொன்னீர்கள். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். அந்தத் தலையை இப்போது எங்கே கொண்டுபோய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

சாலை முனையில் கம்பத்தில் இருக்கும் என் தபால் பெட்டிக்குள் வசந்தம் வந்தால் பட்டாணிக்குருவி கூடு கட்டிவிடும், இந்தத் தீவில் பாதிப் பெட்டிகளில் அப்படித்தான், கூட்டைக் கலைக்கக் கூடாது என்பது வேறொரு சட்டம், அதனால் பக்கத்தில் ஒரு வாளியை மாட்டி "உள்ளே குருவி, தபால் இங்கே" என்று எழுதி வைப்போம், தபால்காரி லெய்தாவும் வாளியில் போட்டுவிட்டுப் போவாள். இந்த வருஷம் அவள் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. "ஹெய்னோ அண்ணே, பெட்டி இப்போ வெறும் பெட்டி இல்ல, இணைப்பு முனையம். அதுக்கு நம்பர் இருக்கு. வாளிக்கு நம்பர் இல்லையே" என்றாள். "அப்போ கையில குடு" என்றேன். "கையில குடுத்தா தகவல் ரகசியத்தை மீறினதா ஆயிடும், எனக்கு வேலை போயிடும்ணே." என் பெயருக்கு வந்திருந்த ஒரு நீல உறையைத் தூரத்தில் நீட்டிக் காட்டினாள், பைக்குள் போட்டுக்கொண்டாள், போய்விட்டாள்.

உதவி எண்ணைக் கூப்பிட்டேன். வெகுநேரம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பெண், "பெட்டியை ஒரு தடவை மூடித் திறந்து பாத்தீங்களா சார்?" என்றாள்.

"திறக்க முடியாதும்மா, உள்ளே குஞ்சுங்க இருக்கு."

"மொத்தம் எத்தனை பேர் சார் உள்ளே?"

"ஏழு குஞ்சு, அப்பா, அம்மா."

"ஒரு இணைப்புல அஞ்சு பேருக்கு மேல அனுமதி இல்ல சார். குடும்பத் திட்டத்துக்கு மாறிக்கிறீங்களா?"

வேண்டாம் என்றேன். வாதாடத் தெம்பில்லை. போன் கம்பெனி மாறினாலும் பழைய நம்பரை வைத்துக்கொள்வது போல பெட்டியின் நம்பரை வாளிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றாள். விண்ணப்பித்தேன், ஏற்றுக்கொண்டார்கள். உறுதிசெய்வதற்கான ரகசிய எண்ணைத் தபாலில் அனுப்பிவிட்டார்களாம், பழைய முனையத்துக்கு. அதாவது குருவிகளுக்கு. அதையும் லெய்தா பையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறாள்.

இனி அந்த நீல உறை. காத்ரியிடம் சொல்லிவிடாதீர்கள். பர்னு ஊரில் உர்வே என்றொரு அம்மாள் இருக்கிறார், பாட்டு விழாவில் எனக்குப் பக்கத்தில் நின்று பாடியவர், என்னைப் போலத் துணையை இழந்தவர், போன் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பவர். இங்கே வந்து என்னோடு இருந்துவிடுகிறீர்களா என்று ஏப்ரலில் எழுதிக் கேட்டிருந்தேன். இல்லையென்றால் இந்தக் கோடையில் பின்லாந்தில் இருக்கும் மகனிடம் போய்விடுவார். அவர் நீல உறையில்தான் எழுதுவார், பதில் அதற்குள் இருக்கிறது. சேராத தபாலைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்றும் நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்களாம். திரும்பிப் போனால் நான் மனசு மாறிட்டேன்னுதானே அவர் நெனைப்பார்? இந்த வயசுல ரெண்டாவது தடவை கேக்க எனக்குத் தைரியம் கிடையாது மாப்பிள்ளை. தனியாச் சாப்பிட்டுச் சாப்பிட்டுச் சலிச்சுப்போச்சு. கோபமெல்லாம் இல்லை, கோபப்படவும் தெம்பு வேணுமே. சட்டத்துல "வாளி"ன்னு ஒரே ஒரு சொல்லைச் சேர்த்துடுங்க, போதும்.

உங்கள் வீட்டில் கறுப்பு ரொட்டியும் விறகும் என்றும் குறையாதிருக்கட்டும். குழந்தைகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
முனையம் இழந்த மாமனார்,
ஹெய்னோ

பி.கு.: இதை அனுப்புவதற்குள் நிலைமை மாறிவிட்டது. சட்டத்தைத் தொட வேண்டாம். நேற்று மதியப் படகில் உர்வே வந்து இறங்கினார். கையில் திரும்பிப் போன நீல உறை, அதன் மேல் "முனையம் செயல்பாட்டில் இல்லை" என்று முத்திரை. நான் செத்தே போய்விட்டேன் என்று நினைத்துக் கறுப்புக் கோட்டோடு வந்திருக்கிறார். ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்ததும் முதலில் திட்டினார், அப்புறம் வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். உள்ளே என்ன எழுதியிருந்தீர்கள் என்று கேட்டேன். "வரலைன்னுதான் எழுதியிருந்தேன்" என்றார். "வந்து சேராத தகவல் சொன்னதா ஆகாதுன்னு எங்க மாப்பிள்ளை சட்டத்துலயே எழுதியிருக்காரே" என்று சொல்லிவிட்டேன். அவர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அப்படி ஒன்று சட்டத்தில் இல்லையென்றால், மாப்பிள்ளை, தயவுசெய்து இன்றைக்கே எழுதிவிடுங்கள்.