பாஸ்டர் ஆமென் சொல்வதற்குள்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை, ஏனென்றால் பயப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளமே. சென்னை பாடியில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர் வேலை. ஹெல்மெட் போடாதவரை நிறுத்துவது, ஈரத் தரையைப் பார்த்தால் அலறுவது, ஏணியில் ஏறுகிறவருக்காகக் கீழே நின்று ஜெபிப்பது. (கடைசி வேலை கம்பெனி கொடுத்ததல்ல, நானே சேர்த்துக்கொண்டது.)

இப்படிப்பட்டவனிடம்தான், பூந்தமல்லியில் வேலை கிடைத்த அன்று, என் மகள் பெர்சிஸ் வந்து, "அப்பா, ஆபீஸ் போக எனக்கு ஸ்கூட்டர் வேணும்" என்றாள்.

கொரட்டூரிலிருந்து பூந்தமல்லி வரை உள்ள அத்தனை லாரிகளும் என் கண்முன் வரிசையாக வந்து நின்றன.

"வேண்டாம்மா. அப்பாவே கார்ல கொண்டுபோய் விடறேன்."

"நம்மகிட்ட கார் இல்லையேப்பா."

"வாங்கிடலாம்."

"உங்களுக்கு ஓட்டவே தெரியாதே."

"கத்துக்கறேன்."

ஐம்பத்தொரு வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். எனக்கு வாய்த்த மாஸ்டர் பொறுமைசாலி. அவரே மூன்றாம் நாள், "நைனா, ரோட்ட பாரு. எதுக்க வர்றவன் மூஞ்சிய எல்லாம் ஏன் பாத்துகினு கீற?" என்று கேட்டுவிட்டார். எப்படியோ லைசென்ஸ் வந்தது. பின்னாலேயே ஒரு பழைய காரும் வந்தது.

பெர்சிஸ் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போய் வண்டிக்கு ஜெபம் பண்ணிட்டு, ஒரு கீறல் இல்லாம வீடு திரும்புங்க. அப்புறம் நான் ஸ்கூட்டர் பேச்சையே எடுக்க மாட்டேன். கீறல் விழுந்தா, திங்கக்கிழமை நேரா ஷோரூம்."

அம்பத்தூரில் இருக்கும் எங்கள் சபைக்குப் போய்ச் சேரும்வரை கீறலுக்கு வாய்ப்பே இல்லை. நான் போன வேகத்தில், சைக்கிளில் இட்லி விற்கிறவர் எங்களை இரண்டு முறை முந்தினார். (நடுவில் வியாபாரத்துக்கு நின்றிருப்பார்.)

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. யார் வண்டி வாங்கினாலும் ஆராதனை முடிந்ததும் வளாகத்தில் நிறுத்த வேண்டும். பாஸ்டர் முன்னால் நின்று, பானெட்டில் கை வைத்து ஜெபிப்பார். அவர் ஆமென் சொன்னதும் உரிமையாளர் கோயிலை ஒரு சுற்று ஓட்டி வர வேண்டும். எல்லோரும் கைதட்டுவார்கள்.

எனக்கு வண்டியைக் கிளப்பும்போது மூன்று முறையாவது இன்ஜின் அணைந்துபோகும். சபை முன்னால் அந்த அவமானம் வேண்டாமென்று, ஜெபத்துக்கு முன்பே முழுத் தயாரானேன். இன்ஜின் ஓடியது. முதல் கியர் போட்டாயிற்று. கிளட்ச்சை மிதித்தபடி, ஹேண்ட் பிரேக்கையும் இறக்கிவிட்டேன். ஆமென்னுக்கும் புறப்பாட்டுக்கும் நடுவில் ஒரு நொடிகூட வீணாகக் கூடாதல்லவா?

"கண்களை மூடி ஜெபிப்போம்" என்றார் பாஸ்டர். மூடிக்கொண்டேன். தொழிற்சாலையில் ஒருவர் இப்படிச் செய்திருந்தால், அவருக்கு மூன்று மாதம் வகுப்பெடுத்திருப்பேன்.

பாஸ்டர் டயர்களுக்காக ஜெபித்தார், ஸ்டெப்னி உட்பட, ஒவ்வொன்றாக. பிரேக்குக்காக ஜெபித்தார். சாலைகளுக்காக, லாரி ஓட்டுநர்களுக்காக, அவர்களுடைய குடும்பங்களுக்காக ஜெபித்தார். அவருடைய ஜெபம் பாடி மேம்பாலத்தை அடைந்தபோது என் இடது கால் நடுங்கத் தொடங்கியது. பூந்தமல்லிக்கு வந்தபோது அந்தக் கால் எனக்குச் சொந்தமாகவே இல்லை.

"ஆண்டவரே, இந்தத் தகப்பன் மனசுல இருக்கிற பயத்தை எடுத்துப்போடும்!" என்று அவர் உருக்கமாக வேண்டியதும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "ஸ்தோத்திரம்!" என்று இரண்டு கைகளையும் உயர்த்தினேன்.

கைகளோடு காலும் உயர்ந்தது.

வண்டி துள்ளியது. பிரேக் என்று நினைத்து முழு பலத்தோடு மிதித்தேன். அது பிரேக் அல்ல. மடமடவென்று ஏதோ உடைந்தது. நான் கண்ணைத் திறந்தபோது (ஆம், அப்போதுதான் திறந்தேன்) வண்டியின் மூக்கு அறிவிப்புப் பலகையில் சொருகியிருந்தது. சக்கரங்களுக்கு அடியில் பாஸ்டரம்மாவின் ரோஜாத் தொட்டிகள் ஏழும் நொறுங்கிக் கிடந்தன. பாஸ்டரைக் காணவில்லை.

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் தேடினேன்.

அவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய ஜிப்பாவின் கை பெர்சிஸின் பிடியில் இருந்தது. அவள் மட்டும் கண்ணை மூடவில்லை. என் முட்டி நடுங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்து, ஓசைப்படாமல் போய் ஜிப்பாவைப் பிடித்திருக்கிறாள். நான் கையைத் தூக்கியதும் இழுத்துவிட்டாள். ஜெபத்தில் கண்ணைத் திறந்ததற்காகச் சிறு வயதில் அவளை எத்தனை முறை கிள்ளியிருக்கிறேன்!

வாசலில் நின்ற ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், கண்ண மூடிகினா வண்டி ஓட்டுவ?"

பாஸ்டர் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, முதல் வேலையாக "ஆமென்" என்றார். பாஸ்டரம்மா ரோஜாக்களைப் பார்த்தபடி, "பரவால்ல பிரதர், இவராவது தப்பிச்சாரே" என்றார்.

என் மனைவி கிரேஸ் வண்டியருகே வந்தாள். ஜன்னலுக்குள் கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஷோரூமுக்குப் போனோம். அந்த ஸ்கூட்டருக்கும் பாஸ்டரே ஜெபித்தார். ஆனால், "சாவி என் பாக்கெட்டுல இருக்கட்டும் பிரதர்" என்று முதலில் கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது எங்கள் சபையில் எந்த வண்டி ஜெபத்துக்கும் அதுதான் முறை. ஏழு தொட்டிகளுக்குப் பரிகாரமாக ரோஜா வளர்க்கப் போய், அதுவே பொழுதுபோக்காகி, என் மாடியிலும் செடிகள் சேர்ந்துவிட்டன.

பெர்சிஸ் தினமும் பத்திரமாகப் போய் வருகிறாள். ஆபீஸிலிருந்து அவளுடைய "வந்துட்டேன்" வரும்வரை எனக்குத் தேநீர் இறங்குவதில்லை. அவளுக்காக நான் செய்த ஜெபங்களில் பாதி ஜெபமே அல்ல என்று இப்போது தோன்றுகிறது. ஆண்டவரையும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரைப் போல மேற்பார்வை பார்த்திருக்கிறேன்.

வீட்டில் சாப்பாட்டுக்கு முன் ஜெபிப்பது என் பொறுப்பு. கண்ணை மூடி, வாயைத் திறப்பதற்குள் பெர்சிஸின் குரல் வரும்: "அப்பா, நியூட்ரல்ல இருக்கா?"

கிரேஸ் சாம்பார் பாத்திரத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொள்வாள். நான் மேஜைக்கு அடியில் குனிந்து, இரண்டு கால்களையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் ஜெபத்தை ஆரம்பிக்கிறேன்.