இடது இன்ஜினில் தீ

"முதல்ல நீயே சொல்லு. என்னென்ன தப்புப் பண்ண?" என்றார் கேப்டன் ராஜப்பன்.

ஓசூருக்கு வெளியே இருந்த அந்த விமானப் பயிற்சிப் பள்ளியில் இதுதான் வழக்கம். சிமுலேட்டரை விட்டு இறங்கியதும், ஓட்டியவனே தன் குறைகளைச் சொல்ல வேண்டும். சிமுலேட்டர் என்பது தரையை விட்டு ஓர் அங்குலமும் நகராத விமானம்தான். ஆனாலும் அதிலிருந்து இறங்கிய அசோக்குமாரின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

பரீட்சை நடக்கும்போது கேப்டன் அந்தப் பக்கமே வரமாட்டார். வந்தால் பையன்கள் மீட்டரைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்து ஓட்டுகிறார்களாம். ஆபரேட்டர் மோகனப்ரியாதான் வெளியிலிருந்து இன்ஜினுக்குத் தீ வைப்பாள். பிறகு பதிவானதைக் கேப்டனின் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு அடுத்தவனை ஏற்றப் போய்விடுவாள்.

அசோக்குமார் ஏற்கெனவே ஒரு முறை கோட்டை விட்டிருந்தான். இன்றும் தேறாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். வீட்டிலோ அம்மா நாகம்மாள், "எம் பையன் பைலட்டு" என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். காய்கறி வண்டிக்காரர்கூட அவனை அப்படித்தான் கூப்பிட்டார்.

உண்மையில் இன்று நன்றாக ஓட்டியதாகத்தான் அவனுக்குத் தோன்றியது. அப்படிச் சொன்னால் கேப்டன் திமிர் என்பார். சின்னதாக ஒரு தப்பை ஒப்புக்கொண்டு கழன்றுகொள்ளலாம் என்று நினைத்தான்.

"கொஞ்சம் பதட்டப்பட்டுட்டேன் சார்."

"கொஞ்சமா?" கேப்டன் திரையைத் தட்டினார். "தீ இடது இன்ஜின்ல. நீ எத ஆஃப் பண்ணியிருக்க?"

"இடதுதான் சார்."

"நல்லாப் பாரு."

திரையில் வலது இன்ஜின் அணைந்திருந்தது. இடது ஜோராக எரிந்துகொண்டிருந்தது. அசோக்குமாருக்குக் காது சூடாகிவிட்டது. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா என்ன?

"கை மாறிடுச்சு சார்."

"மாறுனா மீட்டர்லயே தெரியுமே?"

"மீட்டரப் பாக்கல சார்."

"ஓஹோ, அது வேறயா?" கேப்டன் அதையும் குறித்துக்கொண்டார். "ரன்வே இந்தப் பக்கம் இருக்கு. நீ எதுக்கு ராயக்கோட்டச் சந்தப் பக்கம் திரும்பின? தக்காளி வாங்கவா?"

"வழி தப்பிடுச்சு சார்."

"டவர்ல கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா அசிங்கம்னு நெனச்சேன் சார்."

இதை ஏன் சொன்னோம் என்று அவனுக்கே விளங்கவில்லை. அப்படி அவன் நினைத்ததே இல்லை. ஆனால் சொல்லி முடித்ததும், நினைத்திருப்போம் என்றே பட்டது. பதில் சொல்லச் சொல்லக் குற்றம் கூடிக்கொண்டே போனது.

"கடைசில எங்க இறக்கியிருக்க? வாய் விட்டுப் படி."

"சானமாவு காடு சார்."

"யானைங்களுக்கு நடுவுல. உன்ன நம்பி ஏறுனவங்க கதி?"

அசோக்குமார் தலையைக் குனிந்துகொண்டான். இல்லாத பயணிகளை நினைத்து அவனுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. அம்மாவையும் காய்கறிக்காரரையும் தெருக்காரர்களையும் தானே அந்தக் காட்டில் இறக்கிவிட்டுவிட்டது போல வெட்கமாக இருந்தது. இனி எந்த முகத்தோடு அந்தத் தெருவில் நடப்பது?

"இந்த மாதிரி ஓட்டறவன என்ன பண்ணலாம்? அதையும் நீயே சொல்லு."

"சீட்டுல உக்காரவே விடக் கூடாது சார்."

"ஆயுசுக்கும்?"

"ஆயுசுக்கும் சார்."

"இன்னிக்கு நீ சொன்னதுல உருப்படியானது இது ஒண்ணுதான். எனக்கும் அதே அபிப்பிராயம்தான். இப்படி ஒரு ஓட்டத்த என் சர்வீஸ்லயே பாத்ததில்ல," என்றார் கேப்டன் ராஜப்பன்.

அப்போது மோகனப்ரியா அவசரமாகக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"சாரி சார், அசோக்கோடத இப்பத்தான் கம்ப்யூட்டர்ல ஏத்தறேன். ஸ்கிரீன்ல ஓடறது, காலைல நீங்க ஓட்டிப் பாத்தது."