இனாமாக வரும் காவல்காரன்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
11.7.1993

மதிப்பிற்குரிய சம்பந்தி நாகையா அவர்களுக்குத் தம்புசாமி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மகள் புஷ்பவல்லியும் சுகம். கிள்ளானில் தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை பாலனும், முக்கியமாகப் பாலனின் வியாபாரமும் சுகந்தானா என்று உடனே தெரியப்படுத்தவும்.

பயப்படும்படி ஒன்றுமில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை. புஷ்பவல்லியின் ஆபீஸில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார்கள். கம்ப்யூட்டரை ஓட வைக்கிற புரோகிராமைச் செய்யும் பெரிய கம்பெனி, உள்ளே இருப்பதையெல்லாம் அழிக்கும் வைரஸைப் பிடிக்கிற காவலையும் இப்போது அதே பெட்டியில் இனாமாகப் போட்டுக் கொடுக்கிறதாம். "இனிமே அதைத் தனியா வாங்க வேணாம்பா" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாள். மாப்பிள்ளை பங்சாரில் கடை வைத்துத் தனியாக விற்பது அதைத்தானே? சாப்பாட்டுக் கடைக்காரரே ரசத்தை இனாமாக ஊற்றும்போது, பக்கத்தில் ரசம் மட்டும் விற்பவரிடம் யார் போவார்கள்?

மனது கேட்காமல் பஸ் பிடித்து மாப்பிள்ளையின் கடைக்கே போனேன். ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். "அங்கிள், பயப்படாதீங்க. அந்த ஃபிரீ சாமான் பழைய வைரஸைத்தான் பிடிக்கும். புதுசு வந்தா என்கிட்டதான் வரணும் லா" என்றார். "புதுசு வரலைன்னா?" என்றேன். "வரும் அங்கிள்" என்றார், முகத்தில் தெம்பே இல்லை. வரும் என்பதற்கு யார் உத்தரவாதம்? நேரே கோயிலுக்குப் போய் அர்ச்சனைச் சீட்டு வாங்கிவிட்டேன். குருக்கள் பேர், நட்சத்திரம் கேட்டார். பாலன், திருவோணம் என்றேன். என்ன வேண்டுதல் என்றார். "ஊர்ல உள்ள கம்ப்யூட்டருக்கெல்லாம் புதுப்புது வைரஸா வரணும் சாமி" என்றேன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டார். கோயிலில் கணக்கு எழுதும் கிராணி ராதாகிருஷ்ணன் ஓடி வந்து, "அண்ணே, கல்யாண மண்டபம் புக்கிங் எல்லாம் நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டர்லதான் இருக்கு! உங்க மக கல்யாணமும் அதுலதான் இருக்கு!" என்று கத்தினார். "அப்ப இந்தக் கோயிலை மட்டும் விட்டுட்டு வரட்டும்னு வேண்டிக்கவா?" என்று குருக்கள் கேட்டார். வைரஸ் வந்தால் மண்டபம் போச்சு, வராவிட்டால் மாப்பிள்ளை போச்சு. அர்ச்சனை செய்யாமலே தேங்காயோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆகவே சம்பந்தி அவர்கள் தப்பாக நினைக்கக் கூடாது. ஆவணியில் வைத்த கல்யாணத்தைத் தைக்குத் தள்ளிவைப்போம். அதற்குள் பாலன் ஒரு கவர்மெண்டு வேலை பார்த்துக்கொள்ளட்டும். நான் ரயில்வேயில் இருந்த காலம் முழுக்க எந்தக் கம்பெனியும் இனாமாக ரயில் விட்டு என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. புஷ்பவல்லி தாயில்லாப் பெண். அவள் பட்டினி கிடப்பாளோ என்றுதான் என் பயமெல்லாம்.

பத்துமலை முருகன் தங்கள் குடும்பத்தை எந்தக் குறையும் அண்டாமல் காக்கட்டும். சம்பந்தியம்மாவுக்கு வணக்கம். பாலனுக்கு என் ஆசியும் அனுதாபமும்.

இப்படிக்கு,
வே. தம்புசாமி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் புஷ்பவல்லி வாங்கிப் படித்துவிட்டாள். கோபப்படவில்லை. "அவரு கடைய மூடினா நான் சம்பாதிக்கிறேன். இப்ப நம்ம வீடு யாரு சம்பளத்துலப்பா ஓடுது?" என்றாள். அவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது. "நான் பட்டினி கிடப்பேன்னு பயப்படறீங்களா, இல்ல உங்கள விட்டுப் போயிடுவேன்னா?" என்று கேட்டாள். கடிதத்தை அப்படியே அனுப்பி, கீழே இதையும் எழுதச் சொல்லிவிட்டாள். எனவே மேலே உள்ளதை நான் எழுதவேயில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணம் ஆவணியிலேயே நடக்கட்டும். ஒரே ஒரு வேண்டுகோள், இது அவளுக்குத் தெரியாமல் எழுதுவது: குடித்தனம் கிள்ளானில் வேண்டாமே. எங்கள் தெருவிலேயே வாடகைக்கு ஒரு வீடு காலியாக இருக்கிறது. தனியாக உட்கார்ந்து சாப்பிட எனக்குப் பயமாக இருக்கிறது.