மாப்பிள்ளைப் படம் போட்ட போல்டர்

கல்முனைக்குடி
வெள்ளிக்கிழமை

அன்பின் மருமகன் ஹஸ்மீர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் அருளால் இங்கு கொம்பியூட்டர்களைத் தவிர அனைவரும் நலம். கட்டாரில் தாங்களும் நலமாயிருக்க துஆச் செய்கின்றோம்.

நிற்க. இளையவள் பஸ்மிலாவுக்கு வந்த மூன்று மாப்பிள்ளைமாரின் படங்களும் விபரங்களும் என் கொம்பியூட்டரில் இருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். வாப்பாட முகத்தப் பார்த்து மாப்பிள்ளை கதைக்க அவளுக்கு வெக்கம். தன்ட அறைக்குள்ள இருந்தே பார்த்து ஒரு சொல்லு எழுதி விடட்டும் எண்டுதான் போல்டரப் பகிர வழி கேட்டன். நீங்க போன்ல சொல்லச் சொல்ல நானும் தட்டினன். என்ட விண்டோஸ் ஓம் எண்டிச்சி. அவள்ற மெக், ஆர் நீ எண்டு பேரும் பாஸ்வேர்டும் கேட்டிச்சி. மூத்தவள்ற லெப்டொப்புல நீங்க போட்டுக் குடுத்த லினக்ஸ், அப்படி ஒரு கொம்பியூட்டரே ஊட்டுல இல்லயெண்டு சாதிச்சிட்டு. கடைசியில நீங்க என்ன சொன்னீங்க? "மாமா, பாஸ்வேர்ட்ட எடுத்துட்டு, 'எல்லாருக்கும்' எண்டதுக்கு வாசிக்கவும் எழுதவும் அனுமதி குடுங்க." குடுத்தன்.

எல்லாரும் எண்டா ஆரு மருமகன்? பக்கத்து ஊட்டு ஆமினா உம்மாட ஆக்களும் நம்மட வைபைதான் பாவிக்கிறாங்க. நோம்புக்குக் கஞ்சி குடுத்தனுப்புற ஊட்டுக்குப் பாஸ்வேர்ட் இல்லயெண்டு சொல்ல ஏலுமா? நேத்து அவ வேலிக்கு மேலால எட்டி என்னக் கூப்பிட்டு, "காக்கா, பாலமுனை மாப்பிள்ளைக்கு முன்னால முடியில்லயே! மத்தவர் வயசக் கொறச்சுப் போட்டிருக்காரு" எண்டு சொல்றா! யா அல்லாஹ்! தங்கட மகன் வரிசையில நிக்கிறது மூணு ஊட்டாருக்கும் தெரிஞ்சா, ஆர் நம்மளோட சம்பந்தம் கதைப்பாங்க? புள்ளையும் இன்னும் ஒரு எழுத்து எழுதல்ல. இதக் கொம்பியூட்டர்ல எழுதினா இதையும் அவங்க வாசிப்பாங்க எண்டு பேனையால எழுதி, படம் புடிச்சு அனுப்புறன். கண்டதும் சுணங்காம அந்தப் போல்டரப் பூட்டித் தாங்க.

தங்கள் தேட்டத்தில் அல்லாஹ் பரக்கத் சொரிவானாக. மூத்தவளும் பிள்ளைகளும் ஸலாம் சொன்னார்கள்.

இப்படிக்கு,
மாமா மீராலெவ்வை

பி.கு.: பூட்ட வேணாம். இப்ப போல்டரத் தொறந்தா நாலாவதா ஒரு படம் கிடக்கு. ஆமினா உம்மாட மகன் முர்ஷித்! வேலிக்கு அங்கால இருந்தே தன்ட படத்தையும் விபரத்தையும் தானே போட்டிருக்கான். மாப்பிள்ளை கேட்டு நாம போறதுதான் நம்மட வழக்கம், மாப்பிள்ளை தானா வந்து உழுந்தத இப்பதான் பார்க்கிறன். ஏசத்தான் எழும்பினன். படத்துக்குப் பக்கத்துல பஸ்மிலா எழுதியிருக்கா: "வாப்பா, இவரக் கேளுங்க."