நூற்றிரண்டு முனை

சமவெளி நாட்டில் சாதி கிடையாது. அந்நாட்டு மக்கள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அங்கே இருந்ததெல்லாம் வேலி மட்டுந்தான். மனையின் வேலிக்கு மூன்று பக்கம் என்றால் அந்த வீட்டார் முக்கோணத்தார், நான்கு என்றால் நாற்கரத்தார், ஐந்து என்றால் ஐங்கோணத்தார். அதை வாசல் பலகையில் எழுதி மாட்ட வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்கள் பலகையைப் படித்த பிறகுதான் செருப்பைக் கழற்றுவார்கள்.

பக்கத்தை எண்ணுவதற்கு ஒரு முறை இருந்தது. அளவைக் கூடத்தின் கயிற்றுக்காரி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் நடப்பாள். வேலி எங்கே திரும்புகிறதோ அங்கே நின்று "முனை!" என்று கூவுவாள். முனை எத்தனையோ பக்கமும் அத்தனை. புறப்பட்ட இடத்துக்கே கயிறு வந்து சேரும்வரை அந்தக் கூவலை யாரும் நிறுத்தக் கூடாது, மன்னரே ஆனாலும்.

பதினெட்டு வருஷமாக அந்த வேலையைப் பார்த்தவள் அங்காயி. ஊரார் மனையையெல்லாம் அளந்தவளுக்குச் சொந்தமாக இருந்தது ஒரு முக்கோணம். ஒரு மூலையில் வீடு, ஒரு மூலையில் மாட்டுக்கொட்டகை, ஒரு மூலையில் கிணறு. அவள் புருஷன் உயிரோடு இருந்தபோது பாறையை உடைத்துத் தோண்டிய கிணறு அது. கோடையில் தெருவே அதில்தான் இறைக்கும்.

மாமன்னர் சமபக்கர் பட்டத்துக்கு வந்த மூன்றாம் ஆண்டு, பக்கத்துறை அமைச்சர் சதுரகிரியார் முதல் ஆணையை வாசித்தார். "பசுவுக்கு நான்கு கால். கட்டிலுக்கு நான்கு கால். ஆகவே குடிமக்களுக்கு நான்கு பக்கம். மூன்று பக்கத்தார் குறையுடையோர். குறையை நிவர்த்தி செய்யும்வரை அவர்களுக்கு வாய்க்கால் நீரும் வாக்குரிமையும் நிறுத்திவைக்கப்படும்."

அங்காயிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஐயா, உங்க வீட்டு அடுப்புக்கு எத்தன கல்லுங்க?"

அமைச்சர் வீட்டு அடுப்புக்கும் மூன்று கல்தான். ஆனால் அவர் அடுப்பங்கரையை எட்டிப் பார்த்ததே இல்லை என்பதால், கேள்வி தேசவிரோதமானது என்று மட்டும் சொன்னார்.

மூன்றை நான்காக்கும் வழியையும் அரசே காட்டியது. ஒரு மூலையை நறுக்கினால் அந்த இடத்தில் புதிதாக ஒரு பக்கம் பிறக்கும். நறுக்கிய மூலை அரசின் பாதுகாப்பில் இருக்கும். பக்கம் கூடிய மகிழ்ச்சியில் நிலம் குறைந்ததைப் பலர் கவனிக்கவில்லை; சிலர் சர்க்கரைப் பொங்கல்கூட வைத்தார்கள். அங்காயி கொட்டகை மூலையைக் கொடுத்தாள். கட்ட இடமில்லாத மாட்டை விற்றுவிட்டு, பலகையில் 'நாற்கரம்' என்று எழுதினாள். எழுதும்போது அழுகை வந்தது.

அடுத்த ஆணை ஐந்துக்கும் அதற்கு மேலும் பக்கம் உள்ளவர்களுக்கு. அவர்கள் மிகையுடையோர். எதிர்வீட்டு மாசிலாமணி ஐங்கோணத்தான். இரண்டு பக்கம் முழுதாகப் போய் ஒரு பக்கம் வரும்படி வெட்டிய மூலையையும் அதில் காய்த்துக்கொண்டிருந்த தென்னையையும் ஒப்படைத்துவிட்டு நான்கு பக்கத்தோடு உட்கார்ந்தான்.

எல்லோரும் நாற்கரமான பிறகு மூன்றாவது ஆணை வந்தது. நான்கு பக்கம் இருந்துவிட்டால் மட்டும் நாற்கரத்தார் ஆகிவிட முடியாது. எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டு ஜோடியும் இணையாக ஓட வேண்டும். அங்காயியின் மனையில் ஒரு ஜோடிதான் இணை. அதன் பெயர் சரிவகம். சரிந்த பக்கத்தை நிமிர்த்த வேண்டுமென்றால் இன்னொரு மூலையை வெட்டியாக வேண்டும்.

"ஒரு மூலையில வீடு, ஒரு மூலையில கெணறு. எதைங்க வெட்டுறது?" என்று கேட்டாள்.

"அது உன் விருப்பம், அம்மணி. குடிமக்களின் தேர்வுரிமையில் அரசு ஒருபோதும் தலையிடாது" என்றார் சதுரகிரியார். "அமாவாசைக்குள் சொல்லிவிடு. இல்லையென்றால் இரண்டையும் எடுத்துக்கொள்வோம்."

அமாவாசைக்கு ஐந்து நாள் முன்பு தேர்தல் அறிவிப்பு வந்தது. வேட்பாளர் எவரானாலும் மனையை அளந்து பெயர் சொல்ல வேண்டும் என்பது அந்த நாட்டின் பழைய வழக்கம். மன்னரும் வேட்பாளர். அரண்மனைப் பலகையில் 'சதுரம்' என்று பொன்னெழுத்தில் இருந்ததால் யாரும் கவலைப்படவில்லை. ஊரில் நறுக்கிய மூலைகளையெல்லாம் கொண்டுவந்து அரண்மனை வேலியோடு ஒட்டிக்கொண்டே போனது யாருக்கும் ஞாபகமில்லை.

மறுநாள் காலையில் அங்காயி கயிற்றைப் பிடித்து அரண்மனை வேலியோரம் நடக்க ஆரம்பித்தாள். பத்தடிக்கு ஒரு திருப்பம். "முனை!" என்றாள். உள்ளே மடங்கியது. "முனை!" வெளியே நீட்டியது. "முனை!" ஜனங்கள் கூடி, கூடவே எண்ணத் தொடங்கினார்கள். தன் கொட்டகை மூலை வந்தபோது அவள் கொஞ்சம் கூடுதலாகவே கூவினாள். எண்பதைத் தாண்டியதும் சதுரகிரியார் ஓடிவந்தார்.

"போதும், நிறுத்து!"

"கயிறு இன்னும் சேரலீங்களே."

உச்சிவேளையில் கயிறு சேர்ந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு முனை. நாட்டிலேயே பெரிய மிகையுடையோர் மன்னர்தான் என்று ஒரு கிழவர் சொல்ல, கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது.

அன்று சாயங்காலமே நான்காவது ஆணை வந்தது. "நூற்றுக்கு மேல் முனை உள்ள வடிவம் வட்டம் எனக் கொள்ளப்படும். வட்டத்துக்குப் பக்கம் இல்லை. ஆகவே பக்கச் சட்டங்கள் வட்டத்தைத் தீண்டா. வட்டத்தில் கயிறு போடுவது குற்றம். வட்டத்துக்குள் அகப்பட்ட நிலமும் நீரும் வட்டத்துக்கே உரியவை."

மறுநாள் அதை ஊருக்குக் கூவிப் படித்தவளும் அங்காயிதான். படிக்கப் படிக்க அவள் முகம் தெளிந்தது. வீட்டுக்கு வந்ததும் தெருவின் நாற்பத்தொரு குடும்பத்தையும் கிணற்றடிக்கு அழைத்தாள்.

"நமக்குள்ள இருக்குற வேலியெல்லாம் பிடுங்கிருவோம். தெருவச் சுத்தி ஒரே வேலி."

இணைகரத்தார் நாலைந்து பேர், சரிவகத்தோடு சேருவதா என்று முகத்தைச் சுளித்தார்கள். அடுத்த ஆணை செங்கோணம் கேட்கும் என்று அளவைக் கூடத்துச் சேதியை அவள் சொன்னதும், அவர்கள்தான் முதலில் மண்வெட்டியைத் தூக்கினார்கள்.

இரண்டு நாளில் வேலி தயாரானது. அங்காயி சுற்றிவந்து எண்ணினாள். தொண்ணூற்றாறு.

மாசிலாமணி ஓடிப்போய் நேரான வேலி நெடுகக் குச்சிகளை நட்டான். "இந்தா, இன்னும் பத்து முனை!"

"குச்சி நட்டா முனையாயிருமா அண்ணே? வேலி திரும்பணும்" என்று சிரித்தாள் அங்காயி. நேர்வேலியை ஓரிடத்தில் உள்ளே தள்ளிக் கூராக மடக்கினாள். மடங்கத் தொடங்கும் இடம் ஒன்று, கூர் ஒன்று, முடியும் இடம் ஒன்று. மூன்று முனை. இன்னோர் இடத்திலும் அப்படியே செய்தாள். ஆக நூற்றிரண்டு.

அமாவாசையன்று சதுரகிரியார் ஆட்களோடும் மண்வெட்டிகளோடும் வந்தார். முனை எத்தனை என்று கேட்டார். தெருவே ஒரே குரலில் சொன்னது. அமைச்சரின் மீசை துடித்தது.

"நாட்டுக்கு ஒரு வட்டந்தான் இருக்க முடியும்!"

"நான்தானேங்க கூவிப் படிச்சேன். ஆணையில அப்படி ஒரு வரி இல்லீங்களே" என்றாள் அங்காயி. "வட்டத்துல கயிறு போடுறதே குத்தம். நீங்க மண்வெட்டி வேற கொண்டாந்திருக்கீங்க."

மண்வெட்டிகள் திரும்பிப் போயின. கிணறு பிழைத்தது.

அடுத்த தெரு அதைப் பார்த்தது. அதற்கடுத்த தெரு அதைப் பார்த்தது. தெருக்களுக்கு இடையே இருந்த வேலிகளும் ஒவ்வொன்றாக விழுந்தன. புதிய ஆணை எழுத அமைச்சரவை கூடிக் கூடிக் கலைந்தது; நூறு என்பதை ஆயிரமாக்கினால் மன்னரின் முந்நூற்றுப் பன்னிரண்டு என்ன ஆவது? தேர்தலுக்கு முதல் நாள், நாடு முழுவதற்கும் எல்லையில் ஒரே வேலி. அதன் நட்டநடுவில், தன் வேலியோடு தனியாக நின்றது அரண்மனை. அது வட்டத்துக்குள் அகப்பட்டிருந்தது. அரண்மனைக்குப் போகும் வாய்க்காலும் அப்படியே.

வாய்க்காலில் கைவைக்கத் தைரியம் இல்லாமல், அன்று மத்தியானம் சதுரகிரியார் ஒரு குடத்தோடு கிணற்றடிக்கு வந்து நின்றார். பழக்கதோஷம், முதுகை நிமிர்த்திக்கொண்டு ஆரம்பித்தார்.

"நான் நாற்கரத்தில் இணைகரம், இணைகரத்தில் செவ்வகம், செவ்வகத்தில் சது..."

அங்காயி வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள்.

"தண்ணிதானே கேட்டு வந்தீங்க? குடத்தக் காட்டுங்க."