கிரேன்காரருக்கு வந்த ஃபட்டீக்

அந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறுவதில்லை என்று கிரேன்காரர் முடிவு கட்டிவிட்டார். தலையே போனாலும் ஏறுவதில்லை. வாரம் முழுக்கத் தொழிற்சாலைக் கூரைக்குக் கீழே ஒரு கூண்டில் உட்கார்ந்து, டன் கணக்கில் இரும்பைத் தூக்கி வைக்கிற மனுஷன், லீவு நாளில் ஏணி போட்டு ஏறி ஓட்டை வாளியை இறக்குவதா? தொழிலுக்கே மானக்கேடு!

முடிவு கட்டுவது சுலபம். அதை வீட்டம்மாவிடம் சொல்லத்தான் வார்த்தை இல்லை. இருந்த வார்த்தைகளையெல்லாம் அவரே செலவழித்துத் தீர்த்திருந்தார். கல்யாணமான புதிதில் "அசதியா இருக்கு" என்றால் போதும், காபி வரும், தலையணை வரும். கொஞ்ச நாளில் அசதி செல்லாக்காசாகிவிட்டது. களைப்பு என்று பார்த்தார். சோர்வு என்று பார்த்தார். அதுவும் போன பிறகு இங்கிலீஷுக்குத் தாவி, "டயர்டு" என்றார்.

"நான் மட்டும் என்ன, நாள் பூரா ஊஞ்சலா ஆடுறேன்? நானும் டயர்டுதான். அந்த வாளிய இப்படி நகத்துங்க."

"ரொம்ப வீக்கா இருக்கும்மா."

"அப்ப கொஞ்சம் நடந்துட்டு வாங்க. வரும்போது காய் வாங்கிட்டு வாங்க."

இப்படி வாயடைத்துக் கிடந்தவருக்குத்தான், அந்த வாரம் தொழிற்சாலையில் நடந்த பாதுகாப்பு வகுப்பில் ஒரு புது வார்த்தை கிடைத்தது. அதிகாரி பலகையில் எழுதிக் காட்டினார். டயர்டு என்றால் ஒரு ராத்திரி தூங்கினால் சரியாகிவிடும். எக்ஸாஸ்டட் என்றால் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடுவான். ஆனால் ஃபட்டீக் இருக்கிறதே, அது தூங்கினாலும் போகாது. மனுஷனுக்கும் வரும், இரும்புக்கும் வரும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே மயிரிழை விரிசல் ஓடியிருக்கும், ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் முறியும். இவ்வளவையும் கேட்டு மனம் குளிர்ந்த கிரேன்காரர், வேண்டியது கிடைத்துவிட்ட நிம்மதியில் பின்வரிசையில் சாய்ந்து தூங்கிப்போனார்.

ஞாயிறு காலை. வீட்டம்மா ஏணியைச் சுவரில் சாத்திவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள்.

"ஏறுங்க."

"முடியாதும்மா. எனக்கு ஃபட்டீக்."

"அப்படின்னா?"

அவர் விளக்கினார். விரிசலைச் சொன்னார், முறிவதைச் சொன்னார். கொக்கியில் ஃபட்டீக் என்று தெரிந்தால் சிவப்புச் சீட்டு கட்டி ஓரமாக வைத்துவிடுவோம், அதன்மேல் ஒரு கிலோகூட ஏற்றக் கூடாது என்று தொழில் ரகசியத்தையும் சேர்த்துச் சொன்னார்.

வீட்டம்மா சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் பழகின பாதை. இவளோ நேராக உள்ளே போய் ஒரு கரண்டியோடு வந்தாள். அவர் முழங்காலில் டொக்கென்று தட்டினாள். காதை வைத்துக் கேட்டாள். இன்னொரு காலிலும் தட்டினாள்.

"என்னம்மா பண்றே?"

"நீங்கதானே சொல்வீங்க, சுத்தியால தட்டினா நல்ல இரும்பு மணி மாதிரி பேசும்னு. இது பேசவே மாட்டேங்குதே!"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையாகவே சத்தம் சரியில்லைபோலத் தோன்றியது. வலது முழங்கால் போன மாதம் படி ஏறும்போது 'டக்' என்றது ஞாபகம் வந்தது. அது விரிசலாக இருக்குமோ?

அவள் பழைய புடவையிலிருந்து சிவப்பாக ஒரு துண்டு கிழித்து அவர் மணிக்கட்டில் கட்டினாள். தட்டில் வைத்திருந்த டிபனில் முக்கால் பாகத்தைத் திரும்ப எடுத்தாள்.

"ஏன் எடுக்கிறே?"

"வயித்துல ஏத்துறதும் லோடுதானே? உங்க ஸ்கூட்டர் சாவியையும் பூட்டி வச்சுட்டேன். பிரெண்டுங்களோட சீட்டாடப் போறேன்னீங்களே, வர முடியாதுன்னு சொல்லி அனுப்பியாச்சு. பாவம், உள்ளுக்குள்ள இவ்வளவு விரிசலோடவா இத்தனை நாள் வேலைக்குப் போனீங்க? உங்க அதிகாரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடணும்."

"அ... அதிகாரிகிட்டயா?"

"பின்ன? நீங்க தூக்குற இரும்புக்குக் கீழ நாலு பேர் நிக்கிறாங்க இல்ல?"

கிரேன்காரர் செருப்பைக்கூட மாட்டாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினார். அங்கே இருப்பவர் அவருடைய சிக்னல்காரர். கீழே நின்று கை காட்டுபவர்; அவர் கை காட்டாமல் இவர் கொக்கி ஒரு அங்குலம் அசையாது.

"அண்ணே, ஃபட்டீக்னு அதிகாரிக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

சிக்னல்காரர் முகம் மாறியது. கதவைச் சாத்தினார்.

"யாருக்கு ஃபட்டீக்?"

"சும்மா, ஒரு பேச்சுக்கு."

"வகுப்புல ரெண்டாம் பாதி கேக்கலியா நீங்க? தூங்கிட்டீங்களோ?"

"சொல்லுங்கண்ணே."

"ஃபட்டீக்னு வீட்டுல இருந்து ஒரு போன் வந்தா போதும். அந்த ஆளு கூண்டுல கால் வைக்கக் கூடாது. அவ்வளவுதான். கேட்டுல உக்காந்து லாரி நம்பர் எழுத வேண்டியதுதான்."

"எத்தனை நாளைக்கு?"

"கொக்கிக்கு ஃபட்டீக் வந்தா ரிப்பேர் பண்ணுவோமா? தூக்கித்தானே போடுவோம்?"

அந்தக் கூண்டு கிரேன்காரருக்கு உயிர். அதில் உட்கார்ந்தால் முதலாளிகூடக் கீழே சின்னதாகத்தான் தெரிவார். உலகத்தில் அவர் யாருக்காவது மேலே இருக்கிற இடம் அது ஒன்றுதான். வீட்டில் அப்படி ஓர் இடம் கிடையாது. அதைவிட்டு இறங்கி லாரி நம்பரா? வீட்டுக்கு ஓடிவந்தார். வீட்டம்மா போனைக் காதில் வைத்திருந்தாள்.

"வைம்மா! போனை வை! எனக்கு ஒண்ணுமில்ல!"

"எப்படி ஒண்ணுமில்ல? நீங்கதானே சொன்னீங்க, வெளிய பாத்தா தெரியாதுன்னு. சிவப்புச் சீட்டைக் கட்டியாச்சு. சும்மா அவுக்க முடியுமா?"

"முடியும்! லோடு டெஸ்ட் இருக்கு. வழக்கமா தூக்குறதவிட அதிகமா ஏத்தி, தாங்குதான்னு பாப்போம். தாங்கிட்டா சீட்டை அவுத்துடலாம்."

"அப்படியா? எதை ஏத்துறது?" வீட்டம்மா நாலு பக்கமும் பார்த்தாள். அப்புறம் தலையை நிமிர்த்திப் பரணைப் பார்த்தாள்.

அவர் ஏணியில் ஏறினார். ஏறின வேகத்தில் ஏணி கிறீச்சிட்டது. தன் முழங்கால்தான் முறிகிறது என்று ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். ஓட்டை வாளி இறங்கியது. கால் உடைந்த நாற்காலி இறங்கியது. மாமியார் கொடுத்த இரும்புப் பெட்டி இறங்கியது. அதை இறக்கும்போது வாசலில் சிக்னல்காரர் வந்து நின்றுகொண்டு, மெதுவா, இன்னும் மெதுவா என்று கை காட்டினார். பயத்தில் இருந்த கிரேன்காரர் அந்தக் கைக்குப் பழக்கப்படி கீழ்ப்படிந்தார்.

"வழக்கமா தூக்குறதவிட அதிகமா இருக்கணும்னீங்களே?" என்றாள் வீட்டம்மா. ஆகவே மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியையும் கழுவினார். பீரோவை நகர்த்தினார். அதன் பின்னால் ஒட்டடை அடித்தார். பீரோவைத் திரும்பப் பழைய இடத்துக்கே நகர்த்தினார்.

சாயங்காலம் வீட்டம்மா கரண்டியால் முழங்காலில் தட்டிப் பார்த்து, "இப்ப மணி மாதிரி பேசுது" என்று சிவப்புத் துணியை அவிழ்த்தாள். கிரேன்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அதிகாரிக்குப் போன் பண்ண மாட்டியே?"

"அவர் நம்பர் என்கிட்ட ஏதுங்க? எங்கம்மாகிட்டதான் பேசிட்டிருந்தேன்."

காபி குடித்துக்கொண்டிருந்த சிக்னல்காரர் பக்கம் மெல்லத் திரும்பினார் கிரேன்காரர். "அண்ணே, அந்த ரெண்டாம் பாதி?"

"எனக்கென்ன தெரியும்? நானும் உங்க பக்கத்துலதானே தூங்கினேன். நேத்து உங்க வீட்டம்மா வந்து, நீங்க அந்த வார்த்தையைத் தூக்கத்துல சொல்லிச் சொல்லிப் பாத்துக்கறதா சொன்னாங்க. அர்த்தம் சொன்னேன். நீங்க ஓடி வந்து கேட்டா இப்படிச் சொல்லுங்கண்ணேன்னாங்க. சொன்னேன்."

கிரேன்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். இப்போது அவருக்கு அசதி, களைப்பு, சோர்வு, டயர்டு, எக்ஸாஸ்டட் எல்லாம் நிஜமாகவே இருந்தன. ஒன்றையும் வாய்விட்டுச் சொல்லத் தைரியம் இல்லை.

"ஏங்க," என்றாள் வீட்டம்மா, காலி டம்ளரை வாங்கிக்கொண்டே. "பாஸான கொக்கிய மறுபடி எப்போ டெஸ்ட் பண்ணுவீங்க?"

தொழில் பழக்கம். "மாசா மாசம்" என்று வாய் சொல்லிவிட்டது.

"ரொம்ப நல்லதாப் போச்சு. எங்கம்மா வீட்டுலயும் ஒரு பரண் இருக்கு."